பாக்கியம் அக்காவின் இருநூறு ஆடுகள்

பிள்ளைங்களா, போன வாரம் என்னைக் கூப்பிட்டு உங்க புது கம்ப்யூட்டர் விளையாட்டைக் காட்டினீங்க. படிக்கிற ஆளோட கை, கண்ணு, பழக்கம் எல்லாத்தையும் அதுவே தெரிஞ்சிக்கிட்டு, அந்த ஆளுக்குத் தகுந்த மாதிரி தன்னை மாத்திக்குதுன்னு சொன்னீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் ஒரு வார்த்தை பேசாம டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிட்டேன். பெருசுக்கு ஒண்ணும் புரியலன்னு உங்கள்ல ஒருத்தராவது நெனச்சிருப்பீங்க. நல்லாவே புரிஞ்சது. புரிஞ்சதுனாலதான் பேச்சு வரல. அதான் இப்ப எழுதுறேன்.

அவ்வளவு சின்ன கம்ப்யூட்டர்ல அந்தக் காலத்துல இதே மாதிரி விளையாட்டை எப்படி சார் பண்ணீங்கன்னு கேட்டீங்க. அதை விடுங்க. பிடிவாதமும் இளவயசும் இருந்தா யாரும் பண்ணிடலாம். நான் சொல்ல வந்தது பாக்கியம்னு ஒரு அக்காவைப் பத்தி. அவங்க இடது கையில மூணு விரல் இல்ல. அது போனது என்னால. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருசம் ஆயிருச்சு.

எண்பதுகளோட நடுவுல ஈப்போவுல ஒரு கடைவீட்டு மாடியில எங்க பயிற்சி நிலையம் இருந்துச்சு. கீழ ஒரு சீனரோட டயர் கடை. மேல எட்டுக் கம்ப்யூட்டர், ஒரு பலகைத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால என் மேசை. கமுந்திங்குல ஒரு தொழிற்சாலை, பேர் வேண்டாம், தகடு அழுத்துற பிரஸ் மிஷினுக்கு ஆள் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. பத்து காஜா பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்தை வீடு கட்டுறதுக்கு வித்தாச்சு. தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியாச்சு. அங்க பால்மரத்தைக் கீறி வெட்டிப் பால் எடுத்துக்கிட்டிருந்த எட்டுப் பொம்பளைங்களை எங்ககிட்ட அனுப்பினாங்க. தேறினா வேலை, தொழிற்சாலை விடுதியில தங்க ஒரு ரூம். தேறலன்னா போக்கிடம் இல்ல.

பிரஸ் மிஷினைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அங்க ரெண்டு வகை இருந்துச்சு. ஒண்ணு மெதுவானது. இடது கையால தகட்டை உள்ள வெச்சிட்டு, கையை எடுத்துட்டு, காலால மிதிச்சாத்தான் மேல இருந்து இரும்பு இறங்கும். இன்னொண்ணு வேகமானது. அதுல மிதிக்கிறதே கிடையாது. இரும்பு தன்பாட்டுக்கு இறங்கி ஏறும். கைதான் அதோட தாளத்துக்குப் போயிட்டு வரணும். அப்ப தடுப்பு வலை, நிறுத்துற கண்ணாடிக் கதவு எல்லாம் கிடையாது. யாரை எந்த மிஷினுக்கு அனுப்பறதுங்கறது எங்க ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவாகும்.

அந்த ரிப்போர்ட்டுக்குத்தான் நான் விளையாட்டு எழுதுனேன். ஆளுக்கு ஒரு டிஸ்கெட்டு, மேல பேர் எழுதி ஒட்டியிருக்கும். நல்லா ஆடினா வேகம் கூடும், தடுமாறினா குறையும். படம்கூட ஆளுக்குத் தகுந்த மாதிரி போட்டேன். ஒருத்தருக்குத் தோசை, ஒருத்தருக்குக் கோழி. பாக்கியம் அக்கா லயத்துல ஆடு வளர்த்தவங்க, அதனால அவங்களுக்கு ஆடு. பட்டிக் கதவு ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். அது விழுறதுக்குள்ள பட்டனை அமுக்கி ஆட்டை உள்ள தள்ளிட்டுக் கையை எடுக்கணும். மாட்டிக்கிட்டா கம்ப்யூட்டர் 'கீ'ன்னு ஒரு கத்து கத்தும். அறையே சிரிக்கும்.

"தம்பி சாரே, ஆடுன்னு சொல்லிட்டு எலியை வரைஞ்சி வெச்சிருக்கீங்களே! இதுக்கு நான் எங்க போய்க் கொழை ஒடிக்கிறது?" முதல் நாளே பாக்கியம் அக்கா இப்படிக் கேட்டாங்க. என்னைத் தம்பின்னு கூப்பிட வாய் வருது, வாத்தியார்னு ஒரு மரியாதையும் இருக்கு, ரெண்டையும் சேர்த்துத் தம்பி சாருன்னே வெச்சிக்கிட்டாங்க. நாப்பது வயசு இருக்கும். புருசன் இல்ல, பிள்ளை இல்ல. நல்ல கிண்டல் பேச்சு. கை மட்டும் நிதானமான கை.

அவங்க பக்கத்து சீட்டுல சரசுன்னு ஒரு பொண்ணு. இருபத்தஞ்சு வயசுக்குள்ளதான். தோட்டத்துல இவங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நெரை, அதாவது வெட்டுறதுக்குப் பிரிச்சுக் குடுத்த மரவரிசை. சரசு கை மின்னல் மாதிரி. எட்டுப் பேர்ல அந்தப் பொண்ணை அடிச்சிக்க ஆளே இல்ல.

இப்ப என் முதல் தப்பைக் கேட்டுக்குங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு தடவைன்னு கணக்கு வெச்சேன். பாக்கியம் அக்காவுக்கு இருநூறு ஆடு. முடிச்சவங்க போலாம். தோட்டத்துக்குப் போற பஸ் மத்தியானம் ஒண்ணுதான். அதை விட்டா பத்து காஜாவுல இறங்கி நடக்கணும். அதனால எல்லாரும் நேரத்துக்கு முடிக்கட்டும்னு நல்ல எண்ணத்துலதான் பண்ணேன்.

நான் தடுப்புக்குப் பின்னால உட்கார்ந்து டிஸ்கெட்டுல இருக்கறதைப் படிப்பேன். அது எனக்குப் பெரிய சந்தோசம். ஒவ்வொரு ஆளும் எப்படிக் கத்துக்கிறாங்கன்னு அதுல தெரியும்னு நம்பினேன். பாக்கியம் அக்காவோடதுல ஒரு விநோதம் இருந்துச்சு. முதல் நூறு, நூத்திருபது ஆடு தட்டுத் தடுமாறிப் போகும், நிறைய மாட்டிக்கும். அப்புறம் திடீர்னு பிடிச்சிக்கும். கடைசி எண்பது ஆட்டைப் பார்த்தா, சரசு தோத்துடும் போல இருக்கும். தினமும் அப்படித்தான்.

எனக்கு ஒரே பெருமை. இந்த அக்காவுக்குக் கை சூடு ஏற நேரம் ஆவுது, ஏறிட்டா பிடிக்க முடியாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவங்களுக்குன்னு தனியா ஒரு மாத்தம் பண்ணேன். முதல் நூறு ஆடு மெதுவா வரும், அதை வேகக் கணக்குல சேர்க்காது. மிச்சத்தை மட்டும் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டும். ஆளைப் புரிஞ்சிக்கிட்ட விளையாட்டுன்னா இதுதான்னு நிலையத்தை நடத்துன பெரியவர்கிட்டப் போய்க் காட்டி, முதுகுல தட்டு வாங்கிட்டு வந்தேன். மண்டையில எனக்கு அவ்வளவு கனம்.

ஒரு நாள் பேனா எடுக்க வெளிய வந்தேன். பாக்கியம் அக்காவோட நாற்காலியில சரசு உட்கார்ந்திருக்கு. அக்கா பின்னால நின்னுக்கிட்டுப் பையைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. என்னைப் பார்த்ததும் சரசு எழுந்திருச்சு. "சும்மா பேசிக்கிட்டு இருந்தோம் சார்"னு சொல்லுச்சு. நானும் சிரிச்சிட்டுப் பேனாவை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன். அந்த ஒரு நிமிசத்தை நான் எத்தனை தடவை நெனச்சுப் பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது.

பயிற்சி முடியற வாரம் தொழிற்சாலை சூப்பர்வைசர் போன் பண்ணார். சீனர், நல்ல மனுசன், ஆனா அவர் தலையிலயும் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தாங்க. வேக மிஷினுக்கு அவசரமா ரெண்டு பேர் வேணும், பன்னெண்டு மணிக்குள்ள பேர் சொல்லுன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்தேன். முதல் ஆள் சரசு. ரெண்டாவது பாக்கியம் அக்கா.

எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்குக் காலையிலதான் அக்கா ஊசியில நூல் கோக்க முடியாம, "தம்பி சாரே, உங்க கண்ணு எளங்கண்ணு"ன்னு என்கிட்ட நீட்டினாங்க. இந்தக் கையா அந்த வேகத்துக்குப் போகுதுன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. அவங்களை மட்டும் தனியா உட்கார வெச்சுப் பக்கத்துல நின்னு பார்த்திருந்தா கால்மணி நேரம்கூட ஆயிருக்காது. மணி பதினொண்ணே முக்கால். கண்ணு தப்பாப் பார்க்கும், கணக்கு தப்பாது, அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ரெண்டு பேரையும் சொல்லிட்டேன். மெதுவான மிஷினுக்குப் போட்டிருந்தாலும் அவங்களுக்கு அதே வேலை, அதே ரூம் கிடைச்சிருக்கும். அதுதான் இன்னைக்கும் நெஞ்சைப் போட்டு அறுக்குது.

வேலைக்குப் போன ரெண்டாவது வாரமே செய்தி வந்துச்சு. பாக்கியம் அக்கா கை மிஷின்ல மாட்டிக்கிச்சு. மூணு விரலையும் காப்பாத்த முடியல.

மறுநாள் சாயந்திரம் சரசு எங்க மாடிப்படி ஏறி வந்துச்சு. கமுந்திங்குலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கு. தொழிற்சாலை உடுப்பைக்கூட மாத்தல. உட்காருன்னு சொன்னேன், உட்காரல.

"சார், நான் ஒண்ணு கேக்கணும். நான் ஆடினதை எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரு அக்கா ஆடினதா நெனச்சிக்கிச்சா?"

எனக்கு முதல்ல விளங்கல. என்ன ஆடினேன்னு கேட்டேன்.

"அக்கா ஆட்டைத்தான் சார். என்னோடதை முடிச்சிட்டுத் தினமும் அவங்க மிச்சத்தை நான்தான் ஓட்டிவிடுவேன். இல்லன்னா பஸ்ஸை விட்டுடுவோம்ல? தோட்டத்துல நான் வயித்துப் பிள்ளையோட முடியாம இருந்தப்ப, நாலு மாசம் என் நெரையையும் அக்காதான் வெட்டுனாங்க. நான் இதுகூடச் செய்யலன்னா எப்படி சார்? மரத்தை யாரு வெட்டுனா என்ன, பால் பால்தானேன்னு நெனச்சேன். போகப் போக அக்கா ஆடு ரொம்ப வேகமா வர ஆரம்பிச்சிச்சு. அவங்களால தொடவே முடியல, நான் இன்னும் கூட ஆட வேண்டியதா போச்சு. இப்ப யோசிச்சா பயமா இருக்கு சார். என்னாலதான் அக்கா கை போச்சா?"

பிள்ளைங்களா, எங்கம்மாவும் பால்மரம் வெட்டுனவங்கதான். அவங்க நெரை முடிஞ்சதும் பக்கத்து நெரைக்குப் போய்க் கை குடுக்காம ஒரு நாள் வீட்டுக்கு வந்தது கிடையாது. அதை யாரும் மேல பார்க்கிற மண்டோர்கிட்டச் சொல்றதும் கிடையாது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டுப் போய் நானே கண்ணால பார்த்திருக்கேன். வெளியூர்க்காரன் எவனாவது இந்த விளையாட்டை எழுதியிருந்தா, பாவம் அவனுக்கென்ன தெரியும்னு விட்டுடலாம். நான் அந்த லயத்துல பொறந்தவன். இருநூறுன்னு ஒரு கணக்கைக் குடுத்து, ஒரு பஸ்ஸையும் வெச்சா, அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவங்க நெஞ்சுல இருந்த நன்றியை நான் கை வேகம்னு படிச்சிருக்கேன்.

மறுநாள் தொழிற்சாலையில விசாரணை. என்னை ரிப்போர்ட்டோட வரச் சொல்லியிருந்தாங்க. சரசு எதிர்ல நின்னுக்கிட்டு அழுவுது. என் மூளை என்னென்னமோ கணக்குப் போடுது. உண்மையைச் சொன்னா இந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும், பாக்கியம் அக்காவை ஏமாத்துக்காரின்னு எழுதிருவாங்க. சொல்லலன்னா, நல்ல வேகம் உள்ள ஆள் கவனமில்லாம கையை விட்டுட்டாங்கன்னு ஆயிரும். மூணாவதா ஒரு வழி எதிர்லயே இருந்துச்சு. நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்க்க வேண்டியது என் வேலை, அதை நான் பார்க்கல, அந்த வேகத்தைக் கூட்டினதே நான்தான்னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னா என் விளையாட்டு குப்பைக்குப் போயிரும், அதோட சேர்ந்து நானும் போயிருப்பேன்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதே சரசு. உன் வேலையாவது நிக்கட்டும்"னேன்.

அந்தப் பொண்ணு தலையை ஆட்டுச்சு. கண்ணைத் துடைச்சிக்கிட்டுப் படி இறங்கிப் போயிருச்சு. அந்தப் பொண்ணைக் காப்பாத்துறேன்னு அன்னைக்கு நான் மனசார நம்பினேன். நான் காப்பாத்தினது என்னைத்தான். அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு, நீ காரணம் இல்ல, நான்தான்னு ஒரு பதில் சொல்லியிருக்கணும். யார்கிட்டயும் சொல்லாதேன்னா அதுக்கு என்ன அர்த்தம்? தப்பு உன்னுதுதான், மூடி வைன்னுதானே அந்தப் பொண்ணு எடுத்துக்கும்?

விசாரணைக்கு அரைமணி நேரம்கூட ஆகல. ரிப்போர்ட்டை நீட்டினேன். சூப்பர்வைசர் படிச்சார். "இவங்க நல்லா பண்ணியிருக்காங்களே, நீதானே அனுப்புன?"ன்னார். ஆமான்னேன். தொழிலாளியின் கவனக்குறைவுன்னு எழுதினாங்க. கீழ சாட்சியா என் கையெழுத்தும் இருக்கு. வேலையும் போய், விடுதி ரூமும் போய், பாக்கியம் அக்கா ஈப்போ பக்கம் சிலிபின்ல அவங்க தம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. ரெண்டு மாசத்துல சரசு வேலையை விட்டுட்டுப் புருசன் பிள்ளையோட ஜொகூர் பக்கம் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன்.

நான் விளையாட்டைத் திருத்தினேன். இருநூறு கணக்கை எடுத்தேன். மிஷினுக்கு அனுப்பறதுக்கு முன்னால ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நானே ஒரு மணி நேரம் நின்னு பார்க்கறதை வழக்கமாக்கினேன். நல்ல யோசனைன்னு எல்லாரும் பாராட்டினாங்க. ஏன் அப்படி ஒரு யோசனை வந்துச்சுன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. உங்களுக்கு இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. உங்க விளையாட்டு ஒரு ஆளை ரொம்ப நல்லாத் தெரிஞ்சி வெச்சிருக்குன்னு தோணுற அன்னைக்கு, தயவுசெய்து எழுந்து போய் அந்த ஆள்கிட்டப் பேசுங்க. எப்படி ஆடுறீங்க, யார்கூட ஆடுறீங்க, வீட்டுக்கு எப்படிப் போறீங்கன்னு கேளுங்க. தப்புன்னு தெரிஞ்சா அன்னைக்கே, அடிபட்டவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க. தள்ளிப் போட்டா என்ன ஆகும்னு நான் கண்டது இதுதான்.

நாலஞ்சு வருசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சிலிபின்ல ஒரு மாமாக் டீக்கடையில ரொட்டி சாப்பிட உட்கார்ந்தேன். "தம்பி சாரு!"ன்னு ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தா பாக்கியம் அக்கா. முடி நரைச்சிருந்துச்சு. இடது கையைச் சேலைத் தலைப்புக்குள்ள வெச்சிருந்தாங்க. எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சு. அவங்க பாட்டுக்கு எதிர்ல உட்கார்ந்து, கல்யாணம் ஆச்சா, பிள்ளை எத்தனைன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் ஒரு டீ சொன்னேன். பேச ஒண்ணும் கிடைக்காம, சரசு எப்படி இருக்குன்னு கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? தவறிப் போயிட்டா தம்பி. ரெண்டு வருசம் ஆவுது. மஞ்சக்காமாலை."

கையில எடுத்த ரொட்டியைத் தட்டுலயே வெச்சிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தா. கால்மாட்டுல உட்கார்ந்து அழுதுட்டுப் போனா, அவ்வளவுதான். அதுக்கப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்கல. எத்தனை பேர்கிட்டச் சொல்லி விட்டேன் தெரியுமா? அவ புள்ளையைத் தூக்கி வளர்த்தவ நான். கவனமில்லாம கையை விட்டவ நான்தானே? அவளுக்கு என்மேல என்ன கோவம்னு இன்னைக்கு வரைக்கும் விளங்கல."

அப்பத்தான் சொன்னேன். மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன். சரசு ஆடினதைப் பார்த்து வேகத்தைக் கூட்டினது நான், உங்க வேகமே இல்லாத வேகத்துக்கு உங்களை அனுப்பினது நான், சரசு வந்து கேட்டப்ப வாயை மூடச் சொன்னதும் நான்தான்னு சொன்னேன். டீ ஆடை கட்டிப் போச்சு.

"அப்ப என் கவனம் தப்பலையா?"

"இல்லக்கா."

"அவ மேலயும் தப்பு இல்லையா?"

"இல்லக்கா. எல்லாம் என்மேலதான்."

திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். காறித் துப்பியிருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும். அவங்க அழுவக்கூட இல்ல.

"என் கையை விடுங்க தம்பி. அது போனது போச்சு. இதை நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்க்கா"ன்னேன்.